ஆசனிக்குச் சோதனைப் பெட்டி: வெள்ளவத்தைக் குசினியில் மூன்று வாரம்

மன்னார்த் தீவில் அக்கா வீட்டுக் குழாய்க் கிணற்றில் தண்ணீர் அடித்தால் முதலில் கண்ணாடி மாதிரி வரும். வாளியில் அரை மணித்தியாலம் வைத்தால் மஞ்சளாகக் கலங்கும். விடிய எழும்பிப் பார்த்தால் வாளி அடியில் துரு படிந்திருக்கும். எங்கள் வீட்டில் அதற்குப் பெயர் இரும்புத் தண்ணி. வெள்ளை உடுப்பைத் தோய்க்காதே, முட்டினால் குடி, அவ்வளவுதான். அந்தத் தண்ணீரில் வளர்ந்தவள்தான் நானும்.

பிறகு, மன்னார்த் தீவின் மணற்படுகை நீரில் ஆசனிக்கு (ஆர்செனிக்) என்ற நஞ்சு எப்படிக் கரைந்து வருகிறது என்று ஆராய்ந்த 2019ஆம் ஆண்டுக் கட்டுரை ஒன்று கண்ணில் பட்டது. உயர்தர வகுப்புக்கு இரசாயனவியல் ரியூசன் சொல்லிக்கொடுத்தே சீவிக்கிறவள், அக்கா வீட்டுத் தண்ணீரில் என்ன இருக்கிறது என்று ஒருநாளும் பார்த்ததில்லை. வெட்கமாக இருந்தது. அடுத்த சனிக்கிழமை 100ஆம் இலக்க பஸ்ஸில் ஏறிப் புறக்கோட்டைக்குப் போய்விட்டேன்.

கடையின் பெயரை எழுதவில்லை. காரணம் கீழே வரும். ஆய்வுகூடச் சாமான் விற்கும் ஒடுங்கிய கடை. பாடசாலைகளுக்குப் பியூரெற்றும் முகவையும் விற்கிறவர்கள். ஆசனிக்குச் சோதனைப் பெட்டி இருக்கிறதா என்று கேட்டதும் காசாளர் மேசையிலிருந்த தம்பி, "தண்ணிக்கா மிஸ், அரிசிக்கா?" என்றார். 2011இல் அரிசியிலும் விவசாய இரசாயனங்களிலும் ஆசனிக்கு என்று நாடே அல்லோலகல்லோலப்பட்டதே, அந்தப் பயம் இன்னும் கடைக்காரர் வாயில் இருக்கிறது. தண்ணிக்கு என்றேன். மேல் தட்டிலிருந்து தூசி தட்டி எடுத்துக் கொடுத்தார். 50 சோதனைக்கான பெட்டி, 27,500 ரூபா. அதாவது ஒரு சோதனைக்கு 550.

பெட்டிக்குள் இருப்பவை: மூடியில் துளையுள்ள இரண்டு பிளாஸ்ரிக் போத்தல்கள், மூன்று தூள்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு குட்டிக் கரண்டி, வெள்ளைக் கடதாசிக் கீலங்கள் ஒரு குப்பியில், நிற அட்டை ஒன்று. வழிகாட்டித் தாள் ஆங்கிலத்திலும் சீனத்திலும், எறும்பு எழுத்தில். தமிழும் இல்லை, சிங்களமும் இல்லை. இந்த ஊரில் கிணறு வைத்திருக்கிற எத்தனை பேர் இதை வாசிப்பார்கள்?

வீட்டுக்கு வந்து கீலக் குப்பியைத் திருப்பிப் பார்த்தபோது காலாவதித் திகதி ஒட்டுத்தாளின் ஒரு மூலை தூக்கிக்கொண்டிருந்தது. நகத்தால் கிள்ளினேன். அடியில் இன்னொரு திகதி. அது போன மாதமே முடிந்திருந்தது. திங்கள் காலை வகுப்பை ஒத்திவைத்துவிட்டுத் திரும்பப் போனேன். "தவறுதலா ஒட்டுப்பட்டிருக்கும் மிஸ்" என்றார்கள். ஒட்டுத்தாள் தானாக நடந்து போய் ஒட்டிக்கொள்ளாது. ஆனாலும் சண்டையில்லாமல் புதுப் பெட்டி தந்தார்கள், இந்த முறை திகதி அச்சில் இருந்தது. வாங்கப் போகிறவர்கள் பணம் கொடுக்க முதல் குப்பியைத் திருப்பிப் பாருங்கள்.

இனிச் சோதனை. போத்தலில் கோடு வரை தண்ணீர். முதல் தூள் தாத்தாரிக்கமிலம், குலுக்க வேண்டும். இரண்டாவது தூள் ஒட்சியேற்றும் பொருள். தண்ணீரில் அழுகின முட்டை மணக்கிற ஐதரசன் சல்பைட்டு இருந்தால் அதை முடித்துவிடும், இல்லாவிட்டால் அதுவும் கீலத்தில் நிறம் காட்டி ஏமாற்றும். இரண்டு நிமிடம் பொறுத்து மூன்றாவது, நாகத்தூள், அதாவது துத்தநாகம். போட்டவுடன் நுரைக்கும். கீலத்தை மூடியில் செருகிப் பத்து நிமிடம் காத்திருக்க வேண்டும். அமிலமும் நாகமும் சேர்ந்து ஐதரசன் வரும், தண்ணீரிலுள்ள ஆசனிக்கு அதோடு சேர்ந்து ஆசீன் வாயுவாக மேலே வரும், கீலத்திலுள்ள இரச (பாதரச) புரோமைட்டில் பட்டு மஞ்சளாகும். நிறைய இருந்தால் கபிலமாகும். தந்திரம் பழையது. 1836இல் ஜேம்ஸ் மார்ஷ் என்ற ஆங்கிலேயர் இதே நாகம், அமிலக் கூத்தை வைத்துத்தான், சாப்பாட்டில் ஆசனிக்கு வைத்துக் கொல்கிறவர்களைப் பிடிக்க வழி செய்தார்.

ஒரு எச்சரிக்கை. நான் முதல் தடவை இதைக் குசினி மேடையில் வைத்துச் செய்தேன், பக்கத்து அடுப்பில் சோறு கொதிக்கிறது. ஐதரசன் தீப்பற்றும், ஆசீன் நஞ்சு. இரண்டையும் வகுப்பில் ஆயிரம் தடவை சொன்ன வாய் இது. என் கணவர் வந்து அடுப்பை நிறுத்திவிட்டு ஒரு பார்வை பார்த்தார். அதற்குப் பிறகு எல்லாச் சோதனையும் பல்கனியில், கடற்காற்றில். அளவு சிறியதுதான், ஆனாலும் பூட்டின அறை வேண்டாம்.

முதலில் எங்கள் வீட்டுக் குழாய்த் தண்ணீர். அம்பத்தலையிலிருந்தும் லபுகமவிலிருந்தும் கொழும்புக்கு வருகிற தண்ணீர். கீலம் வெள்ளையாகவே இருந்தது. சரி, பெட்டி பொய்யாக மஞ்சள் காட்டவில்லை.

அடுத்தது அக்கா வீட்டுத் தண்ணீர். மருமகன் இரவு பஸ்ஸில் ஒன்றரை லீற்றர் சோடாப் போத்தலில் கொண்டு வந்திருந்தான். கைப்பை கனக்குது சின்னம்மா என்று முறைப்பாடு வேறு. மேலாகத் தெளிந்து நின்ற தண்ணீரை ஊற்றிச் செய்தேன். பத்து நிமிடம் கழித்துக் கீலத்தில் மஞ்சள் இருக்கிறதா இல்லையா என்று சந்தேகப்படும்படி ஒரு நிழல். அட்டையில் வைத்தால் பூச்சியத்துக்கும் 10க்கும் இடையில். லீற்றருக்கு 10 மைக்கிரோகிராம்தான் உலக சுகாதார நிறுவனம் வைத்திருக்கும் எல்லை. உடனே அக்காவுக்கு எடுத்து, "பயப்பட ஒண்டுமில்லை" என்று சொல்லிவிட்டேன்.

சொல்லியிருக்கக் கூடாது. போத்தலைக் கழுவ எடுத்தபோதுதான் அடியைப் பார்த்தேன். ஒரு விரல் தடிப்புக்கு இல்லை, ஆனால் அடி முழுக்கத் துரு. ரியூசன் மிஸ்ஸின் மூளை அப்போதுதான் வேலை செய்தது. மிச்சமிருந்த தண்ணீரோடு போத்தலை நன்றாகக் குலுக்கி, கலங்கல் தண்ணீரில் இன்னொரு சோதனை செய்தேன். ஆறாம் நிமிடத்திலேயே கீலம் மஞ்சளாகத் தொடங்கிவிட்டது.

இதைக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும், ஏனென்றால் பெட்டியின் வழிகாட்டித் தாளில் இதைப் பற்றி ஒரு வரி கூட இல்லை. நிலத்தடியில் ஒட்சிசன் இல்லாத இடத்தில் இரும்பு கரைந்து நிற்கும். மேலே வந்து காற்றுப் பட்டால் துருவாகிப் படியும். படியும்போது ஆசனிக்கைப் பிடித்து இழுத்துக்கொண்டு அடிக்குப் போகும். மன்னாரிலிருந்து வெள்ளவத்தைக்கு வருகிற ஒரு இரவுப் பயணம் அதற்குப் போதும். நான் சோதித்தது கிணற்றுத் தண்ணீரை இல்லை, துரு வடிகட்டிக் கொடுத்த தண்ணீரை.

இதே வேலையை ஒரு பழைய சுரங்கத்தில் பற்றீரியா செய்கிறது. தென் பிரான்சில் கார்னுலேஸ் என்ற ஈய, நாகச் சுரங்கம். 1962இல் மூடிவிட்டார்கள், கழிவு மேடு அங்கேயே கிடக்கிறது. மழைத் தண்ணீர் அதற்குள்ளால் ஊறி, அமிலமாகி, ஒரு சின்ன ஓடையாக வெளியே வரும்போது அதில் லீற்றருக்கு 100 மில்லிகிராமைத் தாண்டியும் ஆசனிக்கு இருந்திருக்கிறது. மில்லிகிராம், மைக்கிரோகிராம் இல்லை. குடிநீர் எல்லையின் பத்தாயிரம் மடங்கு. அங்கே ஒரு உயிரும் இருக்காது என்றுதான் நினைப்போம். ஆனால் ஓடை அடி முழுக்க மஞ்சளும் செம்மஞ்சளுமாகப் படிவு, அதற்குள் பற்றீரியா கும்மாளம். அக்காவின் வாளியில் இரும்பைத் துருவாக்கக் காற்றே போதும். அமிலத் தண்ணீரில் காற்று மட்டும் பட்டால் இரும்பு லேசில் துருவாகாது. அங்கே அசிடிதயோபசிலசு மாதிரியான பற்றீரியா இரும்பை ஒட்சியேற்றித் தன் சீவனத்தைப் பார்த்துக்கொள்கிறது. ஆசனைற்று, ஆசனேற்று என்று தண்ணீரில் ஆசனிக்குக்கு இரண்டு உருவம், தியோமோனசு வகைப் பற்றீரியா முதலாவதை ஒட்சியேற்றி இரண்டாவதாக்கிக் கொடுக்கிறது. இரும்பும் ஆசனேற்றும் சேர்ந்து படிந்துவிட, ஓடை கீழே போகப் போக ஆசனிக்குக் குறைகிறது. யாரும் கூலி கொடுக்கவில்லை.

கீழே மண்ணுக்குள் நடப்பது இதற்குத் தலைகீழ். ஒட்சிசன் இல்லாத ஆழத்தில் வேறு பற்றீரியாக்கள் மூச்சுவிட ஒட்சிசனுக்குப் பதில் துருவைப் பாவிக்கின்றன, சில ஆசனேற்றையே பாவிக்கின்றன. துரு கரையும், அது பிடித்து வைத்திருந்த ஆசனிக்கு தண்ணீருக்குள் அவிழ்ந்துவிடும். வங்காளதேசத்துக் குழாய்க் கிணறுகளில் ஆசனிக்கு ஏறிய அநியாயத்தில் பெரிய பங்கு இதற்குத்தான்.

வகுப்பில் இதைச் சொன்னபோது பின் வாங்கிலிருந்து ஒரு கேள்வி. "மிஸ், ஆசனிக்கு நஞ்சு எண்டா பற்றீரியா ஏன் சாகேல்ல?" நல்ல கேள்வி. ஆசனேற்றுப் பார்வைக்குப் பொசுபேற்று மாதிரியே இருக்கும். கலத்தின் வாசலில் பொசுபேற்றுக்கு வைத்த கதவால் களவாக உள்ளே வந்துவிடும். தாங்கும் வகைப் பற்றீரியா அதை உள்ளே வைத்து ஆசனைற்றாகத் தாழ்த்தி, அதற்கென்றே வைத்திருக்கும் பம்பியால் வெளியே தள்ளிவிடும். ஆசனைற்று இன்னும் மோசமான நஞ்சு, ஆனால் வெளியே தள்ள அந்த உருவில்தான் இலேசு. வீட்டுக்குள் வந்த பாம்பை அடிக்காமல் தடியால் தூக்கி வெளியே எறிகிறது மாதிரி. வேறு சில அதையும் தாண்டி, ஆசனைற்றை ஒட்சியேற்றி வரும் சக்தியிலேயே வாழ்கின்றன. அவுஸ்திரேலியாவின் வட பிராந்தியத்தில் கிரனைற்ஸ் தங்கச் சுரங்கத்திலிருந்து பிரித்தெடுத்த என்.ரி.-26 என்ற பற்றீரியா அந்த வகை. ஆசனிக்கு நிறைந்த பாறைதான் அதன் சோற்றுப்பானை. எட்டு மணித்தியாலத்துக்குள் எண்ணிக்கை இரட்டிக்கும். கனடாவில் யெலோனைஃப் பக்கம் ஜயன்ற் தங்கச் சுரங்கத்தின் அடியில் 237,000 தொன் ஆசனிக்குத் தூள் பூட்டிக் கிடக்கிறது, அந்தக் குளிரிலும் ஒரு வகை ஆசனைற்றை ஒட்சியேற்றுகிறது. சுரங்கம்தான் வேண்டும் என்றும் இல்லை. ஆசனைற்றை ஒட்சியேற்றும் பற்றீரியாவை முதன்முதல் கண்டது 1918இல் தென்னாபிரிக்காவில், மாட்டுக்கு உண்ணி போக ஆசனிக்கு மருந்தில் முக்கி எடுக்கிற தொட்டியில்.

"அப்ப டி.என்.ஏ.யில பொசுபரசுக்குப் பதில் ஆசனிக்கு வச்சிருக்கிற பற்றீரியா?" என்று இன்னொருவன் கேட்டான். அதில் நான் ஏற்கனவே சூடு கண்ட பூனை. 2010 டிசம்பரில் நாசா ஆட்கள் கலிபோர்னியாவின் மோனோ ஏரியில் அப்படியொன்று இருக்கலாம் என்று மேடை போட்டுச் சொன்னபோது, அந்த வருட வகுப்புக்குப் பெருமையாகச் சொல்லிக்கொடுத்தேன். 2012இல் வேறு இரண்டு குழுக்கள் சோதித்து அப்படி இல்லை என்று காட்டின. 2025இல் 'சயன்ஸ்' சஞ்சிகை கட்டுரையையே மீளப்பெற்றுவிட்டது. அந்தப் பற்றீரியா ஆசனிக்கைத் தாங்கும், அவ்வளவுதான். அந்த வருடப் பிள்ளைகள் யாராவது இதை வாசித்தால், மன்னிக்கவும்.

சரி, பெட்டிக்கு வருவோம். கலங்கல் தண்ணீர்க் கீலம் என்ன அளவு காட்டியது? அங்கேதான் தொல்லை. நிற அட்டையில் 10க்கு அடுத்தது 25, அடுத்தது 50. 10 என்பது வெண்ணெய் நிறம், 25 கொஞ்சம் கூடின வெண்ணெய் நிறம். கீலத்தில் வருகிற வட்டமும் ஒரே சீராக இல்லை, ஓரம் கடும் மஞ்சள், நடு வெளிறல். நான் 25 என்றேன். அவர் 10 என்றார். வகுப்புக்கு முந்தி வந்த பிள்ளை ஒன்று 50 என்றது. குசினி எல்ஈடி வெளிச்சத்தில் ஒரு நிறம், பல்கனியில் பின்னேர வெயிலில் இன்னொரு நிறம். போனில் படம் எடுத்து அக்காவுக்கு அனுப்பினால் அது பச்சையடிக்கிறது. குடிக்கலாமா விடலாமா என்று ஒரு குடும்பம் முடிவெடுக்க வேண்டிய இடமே 10க்குப் பக்கத்தில்தான், அங்கே இந்தப் பெட்டிக்குக் கண் மங்கல். 100, 250 எல்லாம் பளிச்சென்று காட்டுமாம், அட்டையைப் பார்த்தால் தெரிகிறது. அந்த அளவு இருந்தால் எனக்கு வேறு கவலைகள் இருந்திருக்கும்.

வகுப்பில் பம்பிக் கதையைக் கேட்ட பிள்ளை ஒன்று, "அந்தப் பற்றீரியாவையே சோதனைக்கு வச்சா என்ன மிஸ்?" என்றது. வைத்திருக்கிறார்கள். ஆசனைற்று வந்தால்தான் பம்பியைச் செய்யச் சொல்லும் பரம்பரை அலகு (ஜீன்) திறக்கும். ஒரு புரதம் டி.என்.ஏ.யில் பூட்டு மாதிரி உட்கார்ந்திருக்கும், ஆசனைற்று ஒட்டினால் எழும்பிவிடும். அந்தப் பூட்டுக்குப் பின்னால் ஒளிரும் அலகைக் கோத்துவிட்டால் ஆசனிக்குத் தண்ணீரில் பற்றீரியா மினுங்கும். ஜெர்மனியிலும் சுவிற்சலாந்திலும் ஆய்வாளர்கள் ஈ.கோலை என்ற குடல் பற்றீரியாவில் இப்படிச் செய்து, உலர்த்திக் குப்பியில் அடைத்து, வங்காளதேசத்துக் கிணறுகளில் பார்த்திருக்கிறார்கள். நாகத்தூளும் வேண்டாம், ஆசீனும் வேண்டாம், இரசமும் வேண்டாம். புறக்கோட்டைக் கடையில் கேட்டேன். "பற்றீரியாவா? தயிர்க் கடையில கேளுங்க மிஸ்" என்றார் அந்தத் தம்பி. சிரித்துவிட்டேன், நல்ல பதில்தான்.

மயக்கம் தீர, கொழும்பிலுள்ள ஒரு ஆய்வுகூடத்துக்கு ஒரு மாதிரி கொடுத்தேன். அவர்கள் சில துளி நைத்திரிக்கமிலம் விட்ட போத்தலைத் தந்து, கிணற்றடியிலேயே நிரப்பிக்கொண்டு வரச் சொன்னார்கள். அமிலம் இருந்தால் துரு படியாது, ஆசனிக்கும் ஒளியாது. இதே வசதியை ஒரு சின்னக் குப்பியாகப் பெட்டிக்குள் வைத்திருந்தால் என்ன குறைந்துவிடும்? 4,500 ரூபா, ஒன்பது நாள். எண் வந்தது: 31. ஆக மூன்று பேரில் நான் சொன்னதுதான் கிட்ட. வீட்டில் இதை ஒரு வாரமாக ஞாபகப்படுத்திக்கொண்டிருக்கிறேன்.

அக்கா இப்போது அந்தத் தண்ணீரைக் குளிக்கவும் உடுப்புத் தோய்க்கவும் மட்டும் எடுக்கிறார், குடிக்கவும் சமைக்கவும் பவுசர் தண்ணீர். "கொதிக்க வச்சுக் குடிச்சா சரிதானே?" என்று முதலில் கேட்டார். கொதிக்க வைத்தால் கிருமி சாகும், ஆசனிக்குப் போகாது, தண்ணீர் வற்ற வற்றச் செறிவு கூடத்தான் செய்யும். இதை விளங்கப்படுத்த எனக்கு இரண்டு தொலைபேசி அழைப்பும் ஒரு சண்டையும் தேவைப்பட்டன.

பத்துக்கு ஆறு கொடுப்பேன். இருக்கிறதா இல்லையா என்று அறிய நல்லது, அதுவும் கிணற்றடியில் நின்று அப்போது அடித்த தண்ணீரில் செய்தால். பத்துப் பதினைந்து கிணறுகளைப் பார்க்க வேண்டிய ஊர்ச் சங்கத்துக்குப் பணம் மிச்சம். ஒரே ஒரு கிணறு என்றால் நேரே ஆய்வுகூடத்துக்குப் போங்கள், 27,500 ரூபாவுக்கு ஆறு மாதிரி கொடுக்கலாம். பாவித்த கீலங்களில் இரசம் இருக்கிறது, குப்பையில் போடக் கூடாது. அவற்றை எடுக்கக் கடைக்காரரும் தயாரில்லை, ஆய்வுகூடமும் தயாரில்லை. எங்கள் வீட்டில் ஒரு ஹோர்லிக்ஸ் போத்தலுக்குள், அலுமாரியின் மேல், "தொடாதே" என்று மூன்று மொழியிலும் எழுதி வைத்திருக்கிறேன்.

இன்னொன்று. ஐம்பது சோதனைப் பெட்டி என்கிறார்கள், கரண்டி நிறையப் போட்டால் நாகத்தூள் முப்பத்தெட்டோடு முடிந்துவிடும். கீலம் பன்னிரண்டு மிச்சம். தனி நாகத்தூள் குப்பிக்கு அதே தம்பி 1,800 ரூபா கேட்டார். திகதியை நகத்தால் சுரண்டிப் பார்த்துவிட்டுக் கொடுத்தேன்.